துணையாக வந்தவரின் எடை

"ஐயா, நீங்களும் ஏறுங்க."

அந்த அம்மையார் என்னிடம் பேசிய முதல் சொற்கள் இவை. என் மனைவியை எடைக்கருவியின்மேல் நிறுத்தி, எண்ணைக் குறித்துக்கொண்டு, கைத்தாங்கலாக இறக்கிக் கட்டிலில் அமர்த்திய பின், பையோடு வாயிலருகே நின்ற என்னைப் பார்த்துச் சொன்னார். யார் நோயாளி என்பதில் அவருக்கு ஏதோ குழப்பம் என்று கருதினேன்.

"எனக்கு ஒன்றும் இல்லை அம்மா. நோய் இவளுக்குத்தான்."

"தெரியும் ஐயா. கூட வந்திருக்கியள்லா? ஏறுங்க."

ஏறினேன். அறுபத்து நான்கு கிலோ. மனைவியின் எடையை மருத்துவமனைத் தாளில் எழுதியவர், என் எடையைத் தம் மேலங்கிப் பையிலிருந்து எடுத்த ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மருத்துவமனைகளில் கேள்வி கேட்கும் வலுவை அதற்கு முன்பே இழந்திருந்தேன்.

இரு சிறுநீரகங்களும் செயல் ஓய்ந்துவிட்ட நிலையில், வாரம் மும்முறை என் மனைவியின் குருதியை இயந்திரத்தின் வழியே செலுத்தித் தூய்மை செய்தாக வேண்டியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி. கல்லிடைக்குறிச்சியில் காலைப் பாசஞ்சர் வண்டி ஏறித் திருநெல்வேலி வருவோம். நான்கு மணி நேரம் அவள் படுத்திருக்க, நான் அருகே அமர்ந்திருப்பேன். மாலை வண்டியில் திரும்புவோம். இவ்வாறு நான்கு ஆண்டுகள். சன்னல் வழியே ஆறு தென்படும் இடங்களில் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குடிநீர், காப்பி, ரசம் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு மூன்று தம்ளர்தான் அவளுக்கு அளவு. மிஞ்சினால் வெளியேற வழியின்றி உடம்பிலேயே தங்கும், காலில் வீங்கும், பிறகு நெஞ்சில் சேர்ந்து மூச்சை அடைக்கும். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு மூன்று தம்ளர்.

அந்த எட்டுக் கட்டில் அறையின் தலைமைச் செவிலி அந்த அம்மையார். எல்லாரும் பெரிய சிஸ்டர் என்றே அழைத்தார்கள். புன்னைக்காயலில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர்; ஐம்பதை ஒட்டிய அகவை; குள்ளமான, உறுதியான உடற்கட்டு; கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறு சிலுவை. அவர் விரைந்து நடந்து நான் கண்டது இரண்டே முறை. அவ்விரண்டையும் பின்னர்ச் சொல்வேன்.

என்னையும் எடைபார்ப்பதன் பொருள் எனக்குப் புரிந்தது ஏறத்தாழ ஒரு மாதம் சென்ற பின்பு. அன்று செவ்வாய். என் மனைவி நான்கு கிலோ கூடியிருந்தாள். நான் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தேன். இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு நாளா கடைச் சாப்பாடா ஐயா?"

நான் திகைத்தேன். உண்மைதான். எனக்குக் காய்ச்சல், சமைக்க இயலாமல் உணவகத்திலிருந்து வாங்கி வந்திருந்தேன். எனக்கு அது இறங்கவில்லை. அவள் மட்டும் உண்டாள்.

"எப்படி அறிந்தீர்கள்?"

"நீங்க மெலிஞ்சிருக்கிய. அப்போ அடுப்பு எரியல. கடைச் சோத்துல உப்பு கூட. உப்பு கூடுனா நாக்கு தண்ணி கேக்கும். தண்ணி உள்ள போனா வெளிய வராது. ரத்தம் பெருகும், அழுத்தம் ஏறும், நெஞ்சு அவ்வளவையும் தள்ளணும். இப்போ அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னா அது நெஞ்சுலயா தொடங்குச்சு? ஒங்க காய்ச்சல்ல தொடங்குச்சு."

இதை அவர் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார். சொல்லிக்கொண்டே என் கையில் இரண்டு காய்ச்சல் மாத்திரைகளை வைத்தார்.

இதுவே அவர் இயல்பு. எதையும் தனித்துப் பார்க்கமாட்டார். கணுக்காலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்கும்போதே கண் கழுத்து நரம்பில் இருக்கும். குருதி அழுத்தம் அளக்கும்போதே, இரவு எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள் என்று கேட்பார். தோல் அரிக்கிறது என்றால் எலும்பைப் பற்றிப் பேசுவார். ஒன்று கேட்டால் வேறொன்றுக்கு விடை வருகிறதே என்று தொடக்கத்தில் எனக்குச் சலிப்பாக இருந்தது.

ஒருமுறை என் மனைவி படுத்த நிலையிலேயே ஆழ்ந்து ஆழ்ந்து மூச்செடுத்தாள். கால் வீக்கம் இல்லை, இருமல் இல்லை. நுரையீரலும் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, நெஞ்சக மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டுமா என்று கேட்டேன்.

"நுரையீரலுக்கு ஒண்ணுமில்ல ஐயா. அது அடுத்தவன் வேலையச் சேத்துப் பாக்குது" என்றார். "சிறுநீரகம் படுத்துட்டுல்லா, ரத்தத்துல புளிப்பு சேருது. அந்தப் புளிப்ப மூச்சு வழியா வெளிய தள்ளப் பாக்குது. எங்கப்பா வள்ளத்துல ஒருத்தன் இந்தப் பக்கம் எந்திச்சா இன்னொருத்தன் சொல்லாமலே அந்தப் பக்கம் சாஞ்சுக்குவான். இல்லன்னா எல்லாரும் தண்ணிலதான். ஒடம்புக்குள்ள இருக்கவனும் அப்படித்தான்."

"அப்படியானால் நல்லதுதானே?"

"எத்தன நாளைக்கு ஐயா? சாஞ்சே இருந்தா இடுப்பு ஒடியாதா?" என்றவர் கட்டில் விரிப்பைச் சரிசெய்தபடியே தொடர்ந்தார். "ரத்தத்துல சுண்ணாம்பு குறஞ்சா எலும்பு தன்னக் கரைச்சுக் குடுக்கும். கேக்காமலே குடுக்கும். சோதிச்சுப் பாத்தா ரத்தத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஒரு நாள் சும்மா உக்காந்து எந்திக்கும்போது எலும்பு படக்குன்னு ஒடியும். சரியா இருக்குன்னு சீட்டுல வந்தா நான் அப்பத்தான் பயப்படுவேன். யாரு குடுத்து யாரு சரியா இருக்கான்னு பாக்கணும்லா?"

அன்று என் எடை அறுபத்தொன்று.

அடுத்த கட்டிலில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் இருந்தார். நெடுங்காலம் வளைகுடாவில் கடை நடத்தித் திரும்பியவர். அவருக்கு அந்த அறையே சந்தைக்கடை. எல்லாரும் டயாலிசிஸ் என்னும் இச்சிகிச்சையை நான் 'குருதித் தூய்மிப்பு' என்று சொல்வதைக் கேட்டு முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

"என்ன வே புலவரே, அந்தப் பேரச் சொல்லி முடிக்கதுக்குள்ள பாதி ரத்தம் சுத்தமாயிரும் போலுக்கே."

பேத்தியின் நிக்காஹ் முடிந்து ஐந்து கிலோ கூடுதலோடு அவர் வந்த நாள் நினைவில் நிற்கிறது. பிரியாணி, நோன்புக்கஞ்சி போல் ஒரு கஞ்சி, மேற்கொண்டு கணக்கற்ற சர்பத். அம்மையாரை அவர் லாத்தா, அதாவது அக்கா, என்றே அழைப்பார்.

"லாத்தா, அஞ்சையும் இன்னைக்கே எடுத்து விட்டுருங்க. சாயந்திரம் மறுவீட்டு விருந்து இருக்கு."

"எடுத்துட்டு ஒங்கள எங்கன வைக்க? வந்தது பைய வந்துச்சு, போறதும் பைய போகட்டும். இன்னைக்கு மூணு, நாளைக்கு வந்து ரெண்டு."

அவர் விடவில்லை. பணிக்குப் புதிதாக வந்திருந்த இளமருத்துவரிடம் கெஞ்சினார். இளமருத்துவரும் இரங்கி, இயந்திரம் நீரை இழுக்கும் விரைவைக் கூட்டச் சொல்லிவிட்டுப் போனார். அம்மையார் மறுத்துப் பேசவில்லை. சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாக வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து அவர் கட்டிலுக்கு நேரெதிரே போட்டுக்கொண்டார். இரண்டாம் மணி நேரத்தில் காயல்பட்டினத்துக்காரர் ஒரு கதையை நடுவில் நிறுத்திக் கொட்டாவி விட்டார். மறுபடியும் ஒரு கொட்டாவி. விருந்துக் களைப்பு என்று நான் நினைத்தேன்.

அம்மையார் விரைந்தது அப்போதுதான். கட்டிலின் தலைப்பக்கம் தாழ்ந்தது, கால்பக்கம் உயர்ந்தது, நீரிழுப்பு நின்றது, உப்புநீர் குழாயில் இறங்கியது. அதன் பின்னரே அழுத்தமானி அவர் குருதி அழுத்தம் சரிந்ததைக் காட்டியது. வியர்வை வழிய, வெளுத்த முகத்தோடு அவர் கண் திறக்கக் கால் மணி ஆயிற்று.

"மெஷினு ரத்தத்துல இருந்துதான் தண்ணிய எடுக்கும்" என்று அம்மையார் பின்னர் எனக்கு விளக்கினார். "சதையில கெடக்க தண்ணி ஊறி ரத்தத்துக்கு வரணும். ஆத்து மணல்ல ஊத்து தோண்டி அகப்பையில கோருதோம்லா, அது மாதிரி. ஊறுததுக்கு முன்ன கோருனா மணல்தான் வரும். மூளைக்கு ரத்தம் பத்தலன்னா மொதல்ல கொட்டாவி வரும்."

"எனக்கும் கொட்டாவி வருகிறதே."

"ஒங்களுக்கு வந்தா அது ஒறக்கம் ஐயா. வீட்டுல போயி ஒறங்குங்க."

கட்டிலிலிருந்து தளர்ந்த குரல் எழுந்தது: "எல்லாத்தையும் நிறுத்துப் பாக்குதியளே லாத்தா, நீங்க ஏறுங்களேன், ஒரு நாளாவது பாப்போம்."

"நான் ஏறுனா மெஷினு பயந்து பொய் சொல்லும். படுங்க பேசாம."

எல்லாரும் சிரித்தோம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனிச் சொல்ல வேண்டியது என் பிழை.

இரண்டாம் ஆண்டில் என் மனைவியின் குருதியில் பொட்டாசியம் என்னும் உப்பு ஏறத் தொடங்கியது. காய், கீரை, கிழங்கு, பழம், இளநீர் எல்லாவற்றிலும் அது உண்டு. நலமான உடம்பு மிகுதியைச் சிறுநீரில் கழித்துவிடும், இவளால் இயலாது. அளவு மீறினால் முதலில் தசை சோரும். பிறகு இதயம் நிற்கும். அம்மையார் என்னை உட்கார வைத்துச் சொல்லித் தந்தார்.

"காயச் சின்னதா நறுக்கி, நெறைய தண்ணில வேக வச்சு, தண்ணிய வடிச்சிருங்க ஐயா. அந்த உப்பு தண்ணியோட போயிரும். வெறும் காயத் தாளிச்சுக் குடுங்க."

நான் அவ்வாறே செய்தேன். நறுக்கினேன், வேகவைத்தேன், வடித்தேன். ஆனால் எங்கள் வீடுகளில் காய் வெந்த நீரைக் கொட்டுகிற வழக்கம் இல்லை. காயின் சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று சொல்லி, அதை ரசத்துக்கு எடுத்து வைப்பார்கள். வடித்த நீர் கையில் இருந்தது. மெலிந்துகொண்டே போகும் மனைவி கூடத்தில் படுத்திருந்தாள். அந்தச் சத்தைச் சாக்கடையில் ஊற்ற என் கை இசையவில்லை. உருளைக்கிழங்கும் முருங்கைக்கீரையும் வெந்த நீரில், அவளுக்குரிய மூன்று தம்ளரில் ஒன்றைக் கவனமாகக் கழித்துக்கொண்டு, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைத்தேன். அறிவுரையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியதாகவே நம்பினேன். காயிலிருந்து நீரை நீக்கியாயிற்றே.

அவள் விரும்பிக் குடித்தாள். சனிக்கிழமை மாலை, ஞாயிறு இருவேளை, திங்கள் இருவேளை. சனிக்கும் செவ்வாய்க்கும் இடைப்பட்ட அந்த நாள்கள்தாம் இயந்திரத்தின் உதவியின்றி உடம்பு தனித்துத் தாங்க வேண்டிய நீண்ட இடைவெளி. அதில்தான் ஐந்து வேளை.

செவ்வாய்க் காலை, திருநெல்வேலி நிலையத்தில் வண்டியிலிருந்து இறங்கும்போது அவள் படியிலேயே நின்றாள்.

"காலத் தூக்க முடியல. என் காலு மாதிரியே இல்ல."

இரண்டு பேர் துணையோடு இறக்கி, ஆட்டோவில் கொண்டுசேர்த்தேன். எடைக்கருவியில் நிறுத்தப் போனபோது அம்மையார் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் எடை பார்க்கவில்லை. இரண்டாம் முறையாக அவர் விரைந்ததை அப்போது கண்டேன். நாற்காலி உருண்டு விழுந்தது. இதயத் துடிப்பின் வரைகோடு எடுத்தார்கள். இளமருத்துவர் ஓடி வந்தார். இதயத்தைக் காக்க ஒன்றும், அந்த உப்பை அடக்க ஒன்றுமாக ஊசிகள் ஏறின, இயந்திரம் சுழன்றது. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவின் கண்ணாடி வழியே அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து உள்ளே அழைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இளமருத்துவர் சினத்தோடிருந்தார்.

"என்ன கொடுத்தீங்க? பழமா? இளநீரா?"

"எதுவும் இல்லை. காயைக்கூட வடித்தே தந்தேன். வேண்டுமானால் ரசம்…"

சொல்லி முடிக்குமுன் அம்மையார் என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு நொடி சென்றபின் அந்த முழு உண்மை எனக்கும் விளங்கியது.

"தப்பு எம்பேர்ல டாக்டர்" என்றார் அவர். "தண்ணிய வடிக்கணும்னு சொன்னேன். வடிச்சத என்ன செய்யணும்னு சொல்லல. இங்க உள்ள வீட்டுல அத ரசத்துக்குத்தான் வைப்பாங்க. நான் ரோசிச்சிருக்கணும்."

இளமருத்துவர் அவரைக் கடுமையாகக் கடிந்துகொண்டார், எல்லார் முன்னிலையிலும். அவருக்கு மகனாகத்தக்க அகவைதான் அந்த மருத்துவருக்கு இருக்கும். அம்மையார் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். நான் குறுக்கிட்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று எனக்கு நிற்பதற்கே வலுவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. அது போதிய காரணமும் ஆகாது.

மாலையில் மனைவிக்குத் தெளிவு வந்தது. அருகே அமர்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய?"

சொன்னேன். வடித்த நீரில்தான் ரசம் வைத்தேன் என்றேன்.

"மொத வாய்லயே தெரிஞ்சுட்டு. எனக்கா தெரியாது, கீரத் தண்ணி வாசம்?"

"அறிந்துமா குடித்தாய்? ஏன் சொல்லவில்லை?"

கண்ணை மூடிக்கொண்டாள். "ரெண்டு வருசத்துல நீங்க நல்லா வச்ச ரசம் அது ஒண்ணுதான். வச்சுட்டு எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னிய. எப்படிச் சொல்ல?"

இயந்திரத்தின் மறுபக்கம் நின்ற அம்மையார் குழாயைச் சரிபார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

அன்று புறப்படும்போதும் என்னை எடைக்கருவியில் ஏறச் சொன்னார். ஐம்பத்தெட்டு. "வெறும் தண்ணில மெளகு ரசம் அரைத் தம்ளர் குடுக்கலாம் ஐயா. அவங்களுக்கு அது வேணும்" என்றார். நான் தலையசைத்தேன். ஆனால் அதன் பிறகு என் வீட்டில் ரசமே வைக்கவில்லை. வெறும் நீரில் வைக்கவும் துணியவில்லை. அவள் இரண்டொரு முறை கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

மேலும் இரண்டு ஆண்டுகள் அவள் இருந்தாள். இறுதியில் நின்றது இதயம். மற்றவற்றின் சுமையையும் சேர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்துத் தளர்ந்த இதயம். துன்பமின்றிப் போனாள் என்று பலரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து சில நாள்கள் சென்றபின், வீட்டில் எஞ்சியிருந்த மருந்துகளைப் பிற நோயாளிகளுக்குப் பயன்படட்டும் என்று எடுத்துக்கொண்டு திருநெல்வேலி சென்றேன். செவ்வாய்க்கிழமை. வேறு நாளில் போகவும் எனக்குத் தெரியவில்லை. பிற்பகல் மூன்று மணி. அவளுடைய கட்டிலில் வேறொரு பெண்மணி. காயல்பட்டினத்துக்காரர் என்னைக் கண்டதும் கையை மட்டும் நெஞ்சில் வைத்தார்.

அம்மையார் பையை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"ஏறுங்க ஐயா."

"நான் இன்று யாருக்கும் துணையாக வரவில்லையே அம்மா."

"அதனாலதான் சொல்லுதேன். ஏறுங்க."

ஐம்பத்தைந்து. சிறு குறிப்பேட்டின் முதல் பக்கத்துக்குப் புரட்டி என்னிடம் காட்டினார். அறுபத்து நான்கு. அதன்கீழ் நான்கு ஆண்டுகளின் எண்கள் அவருடைய சாய்ந்த எழுத்தில் இறங்கி இறங்கி வந்திருந்தன.

"என்ன சாப்பிடுதிய?"

"சோறு. மோர்."

"ரசம்?"

நான் எடைக்கருவியிலிருந்து இறங்கினேன்.

"அன்னைக்கு அப்புறம் வைக்கவே இல்லையோ?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் குறிப்பேட்டை மூடினார்.

"ஐயா, ஒங்க சிறுநீரகம் ரெண்டும் நல்லா இருக்கு. காய் வெந்த தண்ணிய நீங்க கொட்டக் கூடாது. அதுலயே ரசம் வைங்க. ஒங்களுக்கு அது மருந்து."

அன்று இளமருத்துவர் முன்னிலையில் நான் சொல்லாது விட்ட சொல்லை இப்போதேனும் சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். நான்கு ஆண்டுகளில் ஒருமுறையும் கேட்காத ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது.

"நீங்கள் சாப்பிட்டீர்களா அம்மா?"

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். சிரித்தார். "இல்ல ஐயா. மறந்துட்டேன்."

அடுத்த ஆண்டு ஒருமுறை போனபோது அங்கே வேறொருவர் இருந்தார். பணி மாற்றம் என்றார்கள். எவ்வூர் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. எடைக்கருவி அதே இடத்தில் இருந்தது. நோயாளிகள் ஏறினார்கள், இறங்கினார்கள். கூட வந்தவர்கள் பையோடு வாயிலருகே நின்றார்கள்.

அவரைக் கடைசியாகக் கண்ட அந்தச் செவ்வாயன்று, மாலை வண்டியில் ஊர் திரும்பினேன். ஆறு தென்படும் இடங்களில் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வீட்டில் கொஞ்சம் அவரைக்காய் இருந்தது. நறுக்கி, நிறைய நீர் வைத்து வேகவிட்டேன். வெந்ததும் வழக்கம்போல வடித்தேன். வடிதட்டில் காய் தங்கியது. கீழே பாத்திரத்தில் இளம்பச்சை நிறத்தில் நீர் ஆவி விட்டது. அதை எடுத்துக்கொண்டு என் கால்கள் தாமாகவே முற்றத்துச் சாக்கடைவரை சென்றுவிட்டன. அங்கே, கை சுடச்சுட, நெடுநேரம் நின்றேன்.

பிறகு அந்த நீரோடு உள்ளே வந்து புளியைக் கரைத்தேன்.